தலைமன்னார் பியர் ஸ்டேசன்: சின்ன அப்பாயி போன வழி இதுதானா?

லிந்துலை மழை

எல்லோருக்கும் வணக்கம். அப்பாயியின் தங்கச்சியைச் சின்ன அப்பாயி என்று சொல்லுவோம். தோட்டத்துச் சனத்தை இந்தியாவும் இலங்கையும் பிரித்து எடுப்பது என்ற சாஸ்திரி ஒப்பந்தத்தில் பாஸ்போட் கிடைத்து, தாத்தா, பிள்ளைகள் எல்லோருமாக லிந்துலையிலிருந்து இந்தியா போனவர். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கடிதம் வந்ததாம், அப்புறம் நின்றுவிட்டது. அப்பாயி இருந்தவரைக்கும் "தலைமன்னாருல கப்பலேறி தனுஷ்கோடியில எறங்குனா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது ட்ரங்குப் பெட்டியை ஒதுக்கும்போது ஒரு ஸ்டூடியோப் படம் கிடைத்தது. போவதற்கு முன்னால் தலவாக்கலையில் எடுத்தது. குடும்பமே வரிசையாக நிற்கிறது, சின்ன அப்பாயி மட்டும் நாற்காலியில். பின்பக்கம் பென்சிலில் "தலைமன்னார் பியர்" என்று எழுதி, கீழே 1972 என்று இருக்கிறது.

என் கேள்வி இவ்வளவுதான். தலவாக்கலையிலிருந்து அந்தத் தலைமன்னார் இறங்குதுறைக்கு நேரே கோச்சி, அதாவது ரயில், இருந்ததா? யூடியூப்பில் பார்த்தால் கடலுக்குள் துருப்பிடித்த இரும்பும், பக்கத்தில் புதுசாக ஒரு ஸ்டேசனும்தான் தெரிகிறது. அந்த மூலையில் ஏன் ஒரு ஸ்டேசன் கட்டினார்கள்? அங்கே போனால் அந்தக் காலத்துப் பெயர்ப் பதிவு ஏதாவது பார்க்கக் கிடைக்குமா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்வர ஆசை.

பசறையான்

தங்கச்சி, வருஷம் இடிக்குதே. 1964 புயலில் தனுஷ்கோடி மொத்தமாக அழிந்துபோனது. அதோடு கப்பலும் முடிந்த கதைதானே? 72-ல் போனார் என்றால் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குப் போயிருப்பார்கள். படத்தின் பின்னால் யாரோ பிறகு எழுதியிருக்கலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிளாக்கர்

தம்பி பசறையான், புயல் தின்றது தனுஷ்கோடியை. கப்பலை அல்ல. மகள் எழுதியதில் பாதி சரி, பாதி பிசகு. விவரமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன். செக்ரோல் என்ற ஆள் பதிவு எழுதுவதோடு, நாட்டுக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பதும் என் தலையில்தான் விழுந்தது. அதனால் இந்தத் தேதிகள் எனக்கு மனப்பாடம். ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 ஒக்டோபர் 30. புயல் அடித்தது அதே வருஷம் டிசம்பர் 22 இரவு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாசம்கூட இல்லை. அந்த இரவுதான் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி ஆட்களோடு கடலில் போனது. ஒப்பந்தப்படி ஆட்களை அனுப்ப இங்கே சட்டம் வந்ததே 1967-ல். ஆகவே சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர்கள் ஒருவர்கூடத் தனுஷ்கோடியில் கால் வைத்திருக்க முடியாது. புயலுக்குப் பிறகு கப்பல் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடியது. உங்கள் சின்ன அப்பாயி ஏறியது தலைமன்னார் பியரில், இறங்கியது இராமேஸ்வரத்தில். படத்தின் பின்னால் இருப்பதைச் சந்தேகப்படத் தேவையில்லை.

அப்பாயி ஏன் தனுஷ்கோடி என்றார் என்றால், அவர் வயதுக்காரர்களுக்கு அக்கரை என்றாலே தனுஷ்கோடிதான். 50 வருஷம் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிய வாய். நேர்த்திக்கடன், கல்யாணம், காதுகுத்து, சாவு என்று ஊருக்குப் போய்வந்ததெல்லாம் அந்த வழியில்தான்.

இனி ஏன் அந்த மூலையில் ஸ்டேசன் என்ற கேள்வி. அந்தக் காலத்தில் எங்கள் முப்பாட்டன்மார் இராமநாதபுரக் கரையிலிருந்து பாய்த்தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டுவழியே மதவாச்சி, தம்புள்ளை என்று மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு எழுத எந்தக் கிளாக்கரும் இல்லை. பிறகு நீராவிக் கப்பல் வந்ததும் தூத்துக்குடி–கொழும்பு வழி பிரதானமானது. அதற்கு ஒரு முழு இரவு கடல். மன்னார்த் தீவின் நுனியையும் தனுஷ்கோடியையும் பார்த்தால் இடையில் இருபது மைல் சொச்சம்தான். அந்தப் பக்கம் பாம்பனில் கடலுக்கு மேல் பாலம் போட்டு 1914 பெப்ரவரி 24-ல் திறந்தார்கள். இந்தப் பக்கம் மதவாச்சியில் வடக்குப் பாதையிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, தீவின் நுனி வரை தண்டவாளம் போட்டு, கடலுக்குள் இறங்குதுறையும் கட்டினார்கள். கோச்சி துறைக்கே போய் நிற்கும். இறங்கி நடந்தால் கப்பல். ஆரம்பத்தில் ஓடிய கப்பல்களுக்கு கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர். சென்னை எழும்பூரில் ஒரு டிக்கெட் வாங்கினால் கொழும்புக் கோட்டை வரை செல்லும். போட் மெயில் என்று பேர்பெற்றது அதுதான்.

பத்திரிகைக்காரர்கள் போட் மெயிலைப் பற்றி எழுதினால் வெள்ளைக்காரத் துரைமார், செட்டியார்மார், நாடகக் கம்பனிக்காரர்கள் என்று முதல் வகுப்பிலேயே நின்றுவிடுவார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அந்தப் பாதைக்குச் சோறு போட்டது மூன்றாம் வகுப்பு. திருச்சியில் இலங்கைத் தோட்டக்காரர்களுக்கு ஆள் சேர்க்கும் கொமிசன் ஒன்று இருந்தது. கங்காணி ஊரில் ஆள் பிடிப்பார். மண்டபம் முகாமில் நோய் இருக்கிறதா என்று பார்க்க நாள் கணக்கில் வைத்திருப்பார்கள். முகாம் இந்தியாவில், ஆனால் நடத்தியது இலங்கை அரசாங்கம். ஒரு காலத்தில் ஆளுக்கொரு தகரத் துண்டும் உண்டு, எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் ஏற்றி இறக்குவார்கள். பியர் ஸ்டேசனில் இறங்கி, பொல்காவலையில் வண்டி மாறி, நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா என்று மலையேறினார்கள். பேரப்பிள்ளைகள் அதே தண்டவாளத்தில் மறுபக்கம் போனார்கள். மகள் கேட்ட வழியும் இதுதான். தலவாக்கலையில் ஏறி, பொல்காவலையில் இறங்கிக் காத்திருந்து, இரவு தலைமன்னார் மெயில்.

நான் ஒரு தடவை அந்த மெயிலில் துறை வரை போயிருக்கிறேன், அக்கா குடும்பத்தை வழியனுப்ப. 1973. ஹட்டன் ஸ்டேசனில் நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. ஒப்பாரிக் கோச்சி என்று சும்மா பேர் வைக்கவில்லை. பொல்காவலையில் நள்ளிரவுக்குப் போர்வையை விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்தோம். மதவாச்சி தாண்டியதும் விடியத் தொடங்கியது. செட்டிகுளம், மடு ரோட், முருங்கன். குளிருக்குக் கம்பளி போர்த்தி ஏறியவர்கள் மன்னார் வருவதற்குள் ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். அத்தான் முதல் தடவையாகப் பனைமரக் கூட்டத்தைப் பார்த்து "இதுல கொழுந்து எடுக்க ஏணி வேணுமே" என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பியரில் சாமான் சோதனை. பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். தேயிலைப் பொட்டலம், ராணி சந்தன சோப், பித்தளைக் குடம் எல்லாம் மணலில் கிடந்தன. அக்காவின் தையல் மெஷினைக் கொண்டுபோக முடியாது என்றார் அங்கிருந்த ஒருவர். சாமான் பட்டியலில் அது இருந்தது, எழுதியதே நான்தான். காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்கவேயில்லை. கப்பலுக்கு நேரமாகிவிட்டது, வாதாட ஆளில்லை. அக்கா துறைப் பக்கம் போக, நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு கோச்சிப் பக்கம் திரும்பினேன். தலையில் மெஷினும் கையில் திரும்பும் டிக்கெட்டுமாக நின்றவன் நான் ஒருவன் மட்டுமில்லை. வழியனுப்ப வந்த பலரிடமும் ஏதோ ஒரு சாமான் மிஞ்சியிருந்தது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்திய வம்சாவளிச் சனம் 9,75,000 பேர் என்று வைத்து, 5,25,000 பேரை இந்தியா, 3,00,000 பேரை இலங்கை எடுப்பது என்றார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பிரித்தார்கள், ஏதோ மாட்டுச் சந்தை மாதிரி. அந்தச் சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்தச் சனத்தை நாடற்றவர் ஆக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம் என்பதை மலையகத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கப்பல் நின்றது 1984-ல், யுத்தத்தால். புயலால் இல்லை. இந்தியப் பாஸ்போட் கையில் இருந்தும் போகமுடியாமல் 80 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். 2003-ல் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வரும்வரை அவர்கள் எந்த நாட்டுக்காரர் என்று எந்தப் பாரத்திலும் ஒழுங்காக எழுத முடியவில்லை. நான் பென்சன் போகும்வரை அந்தக் கட்டத்தில் "இந்திய பாஸ்போட்" என்றே எழுதினேன்.

பசறையான்

ஐயா, நன்றி. பள்ளியில் இதில் கால்வாசிகூடச் சொல்லித் தரவில்லை. ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் எழும்பூரில் ஏறியவர் பெட்டி மாறாமலே கொழும்பு வந்தார், வண்டியையே கப்பலில் ஏற்றினார்கள் என்று எங்கள் ஊரில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பழைய கிளாக்கர்

இல்லை தம்பி. அவர்களுடையது மீற்றர் கேஜ், நம்முடையது ஐந்தரை அடி அகலப் பாதை. இந்தியப் பெட்டியை இந்தப் பக்கம் கொண்டுவந்தாலும் தண்டவாளத்தில் நிற்காது. டிக்கெட்தான் ஒன்று, வண்டி இரண்டு, நடுவில் கப்பல். பாம்பன் வழியே அகலப் பாதை வந்தது 2007-ல். அப்போது இந்தப் பக்கம் கோச்சியே இல்லை!

பேசாலைப் பனை

நான் தீவுக்காரன், பேசாலை. பியருக்கு எங்கட ஊர் தாண்டித்தான் போக வேணும். இப்ப உள்ள நிலவரத்தைச் சொல்லுறன்.

1990-ல் எங்கட பாதை நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போய்விட்டது. எனக்கு நினைவு தெரிந்த காலமெல்லாம் பாதை இருந்த இடத்தில் உடைமரமும் கழுதையும்தான். இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் திரும்பப் போட்டது. 2013 மே மாதம் மடு ரோட் வரை வந்தது. 2015 மார்ச் 14-ல் இந்தியப் பிரதமர் மோடி நேரில் வந்து பியர் வரை கோச்சியைத் தொடக்கி வைத்தார். நீங்கள் யூடியூப்பில் கண்ட புதுக் கட்டடம் அதுதான்.

கடலுக்குள் தெரியிற இரும்பு பழைய இறங்குதுறை. அதில் ஏறப் பார்க்காதீங்கோ, பலகை எல்லாம் எப்பவோ போய்விட்டது, இரும்பும் கையால் தொட்டால் உதிரும். பக்கத்தில் வெளிச்சவீடு நிற்குது. கடற்படை முகாமும் அருகிலதான், எதைப் படம் எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு எடுங்கோ. பியருக்கு வரும் மலையகச் சனத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கலாம். மற்ற ஆக்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுப்பினம், நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பீங்கள்.

பதிவைப் பற்றி: ஸ்டேசனில் போய்க் கேட்டுப் பிரயோசனம் இல்லை. 25 வருஷம் கோச்சி வராத இடம், எழுபதுகளின் கொப்பி அங்கே எங்கே இருக்கும்? கடிதம், பாஸ்போட் இதுகளைத்தான் தேட வேணும்.

வருகிறதென்றால் கோச்சியிலும் வரலாம், பஸ்சிலும் வரலாம். கோச்சி என்றால் இப்பவும் பொல்காவலையில்தான் மாற வேணும், அனுராதபுரம், மதவாச்சி வழியாக வரும். பாதை வேலை என்று இடைக்கிடை நிறுத்துவார்கள், ஸ்டேசனில் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கோ. பஸ் என்றால் கண்டி, தம்புள்ளை, மதவாச்சி, மன்னார். நான் சொன்னால் அம்மாவோடு பஸ்சில்தான் வாங்கோ, அதுவும் மாத்தளை வழியாக. முன்னோர் நடந்த பாதை பெரும்பாலும் அதுதான். 2023-ல் மலையகச் சனம் வந்த 200 வருஷ நினைவுக்கு ஜூலை 28-ல் இங்கேயிருந்து புறப்பட்டு மாத்தளை வரை நடந்தார்கள், ஆகஸ்ட் 12-ல் போய்ச் சேர்ந்தார்கள். எங்கட ஆக்களும் கொஞ்சத் தூரம் கூட நடந்தவை. மத்தியானம் தார் ரோட்டில் கால் வைக்கேலாது. செருப்பும் குடையும் இருந்தவைக்கே அந்தப் பாடு.

கோத்தகிரி சிலோன்காரி

நான் நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். அப்பா 1974-ல் பொகவந்தலாவையிலிருந்து வந்தவர், நான் இங்கே பிறந்தவள். ஆனாலும் இன்றைக்கும் எங்களைச் சிலோன்காரங்க என்றுதான் சொல்வார்கள், அதனால்தான் இந்தப் பெயர்.

தங்கச்சி, இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை மண்டபம் முகாமில் சேர்த்தார்கள். கிளாக்கர் ஐயா சொன்ன அதே மண்டபம்தான். பாட்டன் போகும்போதும் அங்கே, பேரன் வரும்போதும் அங்கே. அங்கிருந்துதான் பிரிப்பார்கள். யாரை எந்தத் திட்டத்தில் அனுப்ப வேண்டும் என்பது குடும்ப அட்டையில் இருக்கும். தேயிலை என்றால் எங்கள் நீலகிரி. தமிழ்நாடு அரசு 1968-லிருந்து காட்டை வெட்டித் தாயகம் திரும்பியோருக்காகவே தோட்டம் போட்டது, இப்போது டேன்டீ என்கிறோம். சிலரை ஆந்திராவில் நூல் மில்லுக்கும், சிலரைக் கர்நாடகாவில் புத்தூர், சுள்ளியா பக்கம் ரப்பருக்கும் அனுப்பினார்கள். நிறையப் பேருக்கு வியாபாரக் கடன் என்று கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கொழுந்து பறித்த கைக்கு மளிகைக்கடை எப்படி நடக்கும்? கடன் கரைந்ததும் அவர்களும் இந்த மலைக்கே வந்துவிட்டார்கள். எந்த வழியில் வந்திருந்தாலும் சின்ன அப்பாயி குடும்பம் நீலகிரியில் இருக்க வாய்ப்பு அதிகம்.

கடிதங்களில் ஊர்ப் பெயர் ஏதாவது இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

லிந்துலை மழை

எல்லோருக்கும் நன்றி, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கிளாக்கர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தையல் மெஷின் இடத்தில் நிறுத்தச் சொல்லி, "நம்ம வீட்டுலயும் ஒரு கொடம் திரும்பி வந்துச்சு" என்றார். அந்தக் குடத்தில்தான் இவ்வளவு காலம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறோம், அது சின்ன அப்பாயியுடையது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அக்கா, கடிதம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் கூடலூர் என்று முகவரியில் எழுதியதாக அம்மாவுக்கு ஞாபகம். "சே" என்று தொடங்கும் இன்னொரு பெயரும் இருந்ததாம்.

கோத்தகிரி சிலோன்காரி

கூடலூர், "சே" என்றால் சேரம்பாடி அல்லது சேரங்கோடு. இரண்டுமே டேன்டீ டிவிசன்கள். இரண்டிலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். படத்தைப் போனில் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பெயர்களையும் அதிலேயே எழுதுங்கள். இங்கே பொதுவில் போட வேண்டாம். குடத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பாட்டிமார் முகத்தை மறந்தாலும் குடத்தை மறக்கமாட்டார்கள்.

பழைய கிளாக்கர்

மகள், பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் போதாது. ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். லிந்துலையில் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயம், கங்காணி பெயர் என்ன, இதையெல்லாம் அம்மாவிடம் கேட்டுச் சேர்த்து அனுப்புங்கள். பழைய ஆட்கள் இன்றைக்கும் அதை வைத்துத்தான் ஆளைப் பிடிப்பார்கள். தாத்தாவின் செக்ரோல் நம்பர் எங்காவது பழைய ஈ.பி.எப். (சேமலாப நிதி) காகிதத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் காகிதத்தை எப்படி வாசிப்பது என்று தெரியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பேசாலைத் தம்பி, நான் வந்தால் பியரில் எங்கே டீ கிடைக்கும்?

பேசாலைப் பனை

ஸ்டேசனுக்கு முன்னால கடை இருக்கு ஐயா. ஆனால் உங்கட வாய்க்கு அந்தத் தேத்தண்ணி சரிவராது. தூளைக் கையோடு கொண்டு வாங்கோ, வீட்டில ஊத்துவம்.